மாவுப் பேசினில் ஆயில் பிடிக்கும் மகராசன்களுக்கு

போன ஞாயித்துக்கிழமை காலை. காப்பி டம்ளரைக் கையில் எடுக்கிற நேரம் பார்த்து போன். நம்ம கோவில்பட்டித் தம்பி. நாக்பூருக்கு வந்து ஆறு மாசம்தான் ஆகிறது. பொட்டி தட்டுகிற வேலை.

"அண்ணே, பைக்குக்கு நானே ஆயில் மாத்தப் போறேன். வீடியோ பாத்துட்டேன், எல்லாம் வாங்கிட்டேன். ஆயிலைப் பிடிக்க மட்டும் பழைய பாத்திரம் ஏதாச்சும் இருக்கான்னு அண்ணிகிட்ட கேட்டுச் சொல்லுங்களேன்."

"எல்லாம்னா என்னென்னப்பா?"

பட்டியல் வாசித்தார். சிந்தெடிக் ஆயில், சாக்கெட் செட்டு, டார்க் ரெஞ்சு, கையுறை, புனல், செயினுக்கு ஸ்ப்ரே. நாலாயிரத்துச் சொச்சம் ஆகியிருக்கிறது. இத்தனையும் வாங்கிய மகராசனுக்கு, வெளியே வருகிற ஆயிலைப் பிடிக்க மட்டும் என் வீட்டுப் பாத்திரம்!

"சரி, பிடிச்சு என்ன செய்வே?"

"என்னண்ணே இது... பின்னாடி நாலியில ஊத்திட வேண்டியதுதான்."

காப்பி ஆறிப்போச்சு.

இதையே எங்கள் ஊர்க்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் கேட்டுப் பார்த்தேன். பஞ்சாயத்து ராத்திரி வரை ஓடியது. "பழைய மாவுப் பேசின் போதும்" என்று ஒரு கட்சி. "அஞ்சு லிட்டர் கேனை அறுத்தா வேலை முடிஞ்சுது" என்று இன்னொரு கட்சி. "ட்ரெயின் பேனுக்குக் காசு கொடுக்கிறவன் கேனையன்" என்று ஒரு பெரியவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். அந்தக் கேனையன் நான்தான். ஆகவே இந்தப் பதிவு.

(ட்ரெயின் பேன் என்றால் ரயிலும் இல்லை, தலைப்பேனும் இல்லை மக்களே. இன்ஜினுக்கு அடியில் வைத்து பழைய ஆயிலைப் பிடிக்கிற தட்டு. நம்ம மெக்கானிக்குகள் ஆயில் ட்ரே என்பார்கள். நானும் இனி ட்ரே என்றே சொல்கிறேன். :-))

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். ட்ரே என்பது ஆயிலைப் பிடிக்கிற பாத்திரம் மட்டும் இல்லை. பிடித்ததைச் சிந்தாமல் சேர்த்துவைத்து, வாங்குகிற இடத்தில் கொண்டுபோய்க் கொடுக்கிற வரைக்கும் அதற்கு வேலை இருக்கிறது. அந்த ஏற்பாடு இல்லையென்றால் வீட்டில் ஆயில் மாற்றாதீர்கள். மெக்கானிக்குக்கு நூத்தம்பது ரூபாய் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

உபதேசம் பண்ண உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், ஒன்றும் இல்லை. நானும் அதே பாவத்தைச் செய்தவன்தான்.

2018 மே மாசம். ஸ்ப்ளெண்டருக்கு முதல் தடவையாக நானே ஆயில் மாற்றினேன். தங்கமணி ஊருக்குப் போயிருந்தார். தோசை மாவு கரைக்கிற பிளாஸ்டிக் பேசின் கண்ணில் பட்டது. இன்ஜினுக்கு அடியில் வைத்து நட்டைக் கழற்றினால், பேசின் வாய் இருந்த இடம் ஒன்று, ஆயில் பாய்ந்த இடம் இன்னொன்று. கால்வாசி தரையில். மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு போய் பார்க்கிங்குக்குப் பின்னால் இருந்த நாலியில் ஊற்றினேன். பேசினை சோப்புப் போட்டுத் தேய்த்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஏதோ சாதித்த மாதிரி நாலு பேருக்கு போட்டோ வேறு அனுப்பினேன்.

ஜூன் மாசம் முதல் மழை. நாக்பூர் மழை தெரியும்தானே, நாப்பத்தஞ்சு டிகிரி வெயிலுக்கு வட்டியும் முதலுமாகக் கொட்டும். நாலி அடைத்துக்கொண்டு தண்ணீர் காம்பவுண்டுக்குள் ஏறியது. முதலில் நிறைந்தது வாட்ச்மேன் ரூம் வாசல். தண்ணீர் மேலே வானவில் மாதிரி வர்ணம் வர்ணமாக எண்ணெய்ப் படலம். வடிந்த பிறகு சுவரோரம் ஒரு சாண் உயரத்துக்குக் கறுப்புக் கோடு. அவர் சம்சாரம் வெளியே கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்களிலும் அதே கோடு. ரெண்டு நாள் அந்த மனுஷன் மணலைப் போட்டு, துடைப்பத்தால் தள்ளி, சோப்புத் தூளைக் கொட்டித் தேய்த்துக்கொண்டிருந்தார். ரெண்டாவது மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே இறங்கிப் போகவில்லை.

அடுத்த வருஷம் ஒரு நாள் மனசு கேட்காமல் அவரிடம் சொன்னேன். "காகா, அன்னைக்கு அந்த எண்ணெய் என்னோடது." அவர் நிதானமாகச் சொன்னார்: "தெரியும் சாப். உங்க வண்டி நிக்கிற இடத்துலேருந்து நாலி வரைக்கும் சொட்டு சொட்டா இருந்துதே."

அந்தச் சொட்டுகளை நான் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது பேசின் கட்சிக்காரர்களுக்கு வருகிறேன்.

இன்ஜினில் ஓடிய ஆயில் வெறும் அழுக்கு எண்ணெய் இல்லை. ஓட ஓட அதில் கரி, தேய்ந்த உலோகத் தூள், எரியாத பெட்ரோல், பாலிசைக்ளிக் அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன் என்கிற வாயில் நுழையாத வகையறா எல்லாம் சேர்ந்துவிடும். அந்த வகையறாவில் ஒன்று பென்சோ பைரீன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று முதல் பிரிவிலேயே வைத்திருக்கிற சரக்கு. பழைய ஆயில் தோலில் அடிக்கடி படக்கூடாது, பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்று ஆயில் கேன் லேபிளிலேயே போட்டிருப்பான். யார் படிக்கிறோம்? பிளாஸ்டிக் பேசினில் விழுந்த கீறலுக்குள் புகுந்துகொண்ட எண்ணெய் சோப்புக்கு முழுசாக வராது. "நல்லாக் கழுவிட்டேன்" என்பவர்கள் கழுவினதை முகர்ந்து பாருங்கள்.

1959-ல் மொராக்கோ நாட்டு மெக்னெஸ் ஊர்ப்பக்கம் நடந்தது தெரியுமா? ஜெட் விமான இன்ஜினுக்கான லூப்ரிகேஷன் ஆயிலைச் சமையல் எண்ணெயில் கலந்து விற்றுவிட்டார்கள். சுமார் 10,000 பேருக்குக் கை கால் விளங்காமல் போனது. அந்த ஆயிலில் இருந்த நரம்பைத் தாக்கும் பாஸ்பேட் ரசாயனம் நம் பைக் ஆயில் சமாச்சாரம் இல்லை. அது வேறு, இது வேறு. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இன்ஜினுக்கானது இன்ஜினோடு, அடுப்படிக்கானது அடுப்படியோடு என்று ஒரு கோடு இருக்கிறது. நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க அதை அழிக்காதீர்கள் என்கிறேன்.

அடுத்து, அறுத்த கேன் கட்சி. இவர்கள் கொஞ்சம் விவரமானவர்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அஞ்சு லிட்டர் ஆயில் கேனைப் படுக்கப் போட்டு, அகலமான பக்கத்தை வெட்டி எடுத்தால் ஆயிலைப் பிடிக்கும். மூடி இருக்கிற வாய் வழியாக ஊற்றிக்கொள்ளவும் செய்யலாம். நானும் ஒரு வருஷம் அதுதான் வைத்திருந்தேன். ஆனால் வெட்டின கேனுக்கு விறைப்பு போய்விடும். ஆயிலோடு ஒரு கையால் தூக்கினால் நடுவில் வளைந்து உங்கள் காலிலேயே அபிஷேகம் நடக்கும். வெட்டின விளிம்பு கையைக் கிழிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதை மூடி வைக்க முடியாது. மூட முடியாத பாத்திரத்தில் இருக்கிற ஆயிலை எத்தனை நாள் பால்கனியில் வைப்பீர்கள்? பிள்ளை தட்டிவிடும், பூனை தட்டிவிடும், வீட்டில் திட்டு விழும். கடைசியில் அதுவும் நாலிக்குத்தான் போகும். கேனை அறுப்பவர்கள் இன்னொரு மூடி போட்ட கேனையும் சேர்த்து வைத்திருந்தால் அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ரெண்டாவது கேன் வைத்திருப்பவர் எத்தனை பேர்? கை தூக்குங்க பார்ப்போம்.

சரி, வாங்குவது என்று முடிவு செய்தவர்களுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்டது:

1. உயரம். இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், இதைத்தான் எல்லாரும் மறக்கிறோம். ஸ்ப்ளெண்டரின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 165 மில்லிமீட்டர், ஆறரை அங்குலம். ட்ரே உள்ளே போக வேண்டும், ஸ்பேனர் திருப்பக் கைக்கும் இடம் வேண்டும். நாலு அங்குலத்துக்கு மேல் உயரமான ட்ரே வாங்கினால் அது காருக்குத்தான். உங்கள் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்கேலை எடுத்து அளந்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

2. அகலம். நட்டு கழன்ற உடனே ஆயில் நேராக விழாது. ஒரு வளைவாகப் பாயும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கி நேராகச் சொட்டும். என் பேசின் ஏமாந்தது இங்கேதான். குறுக்கே ஒரு அடிக்குக் குறையாமல் இருக்கட்டும்.

3. கொள்ளளவு. ஸ்ப்ளெண்டர் வகை வண்டிக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, புல்லட் என்றால் ரெண்டு லிட்டர் வாக்கில். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது அதன் புத்தகத்திலேயே இருக்கும். அதைப்போல மூணு மடங்கு பிடிக்கிற ட்ரே வாங்குங்கள். விளிம்பு வரை நிறைந்த தட்டை யாராலும் சிந்தாமல் தூக்க முடியாது.

4. ஊற்றுகிற மூக்கு. ஒரு மூலையில் மூக்கு வைத்த ட்ரே, அல்லது ஓரத்தில் மூடி போட்ட துவாரம் உள்ள ட்ரே. கடையிலேயே தண்ணீர் ஊற்றி ஒரு பாட்டிலுக்குள் சாய்த்துப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

5. மூடுகிற வகை. கேன் மாதிரி படுத்திருக்கும், மேலே குழிவாக இருக்கும், குழிக்குள் ஒரு துளை. ஆயில் உள்ளே போனதும் திருகி மூடி அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம். அபார்ட்மெண்ட்வாசிகளுக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஒரே எச்சரிக்கை, காற்றுத் துளையைத் திறக்க மறந்தால் ஆயில் உள்ளே இறங்காமல் மேலே நிரம்பி வழியும். நான் மறந்திருக்கிறேன்.

6. நிறமும் கோடும். உள்பக்கம் வெளிர் நிறமாக இருந்தால் இரும்புத் தூள், துகள் ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கலாம். அளவுக் கோடு போட்டிருந்தால் இன்னும் உத்தமம். போட்டது 900 மில்லி, திரும்பி வந்தது 600 என்றால், கீழே ஒழுகவும் இல்லையென்றால், மிச்சத்தை இன்ஜின் குடிக்கிறது என்று அர்த்தம். வரவு செலவு டேலி ஆகாமல் கணக்கை மூடக்கூடாது சாமி. மெக்கானிக் கடையில் இதை யாரும் உங்களுக்கு அளந்து காட்ட மாட்டார்கள். வீட்டில் ஆயில் மாற்றுவதில் உண்மையான லாபம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

தகரமா பிளாஸ்டிக்கா என்று கேட்பவர்களுக்கு: கெட்டியான எச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக் போதும். வண்டியை மூணு நாலு நிமிஷம் ஓடவிட்டு, ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது இறக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க இறக்கினால் பிளாஸ்டிக்குக்கு முன்னால் உங்கள் கை வெந்துவிடும். தண்ணீர் பாட்டிலை வெட்டி வைப்பவர்களே, அந்த பாட்டில் சூட்டுக்குச் சுருங்கும். ட்ரேயின் கீழே நாலு பழைய நியூஸ் பேப்பர். முடிந்தது.

இனி முக்கியமான விஷயம். பிடித்ததை என்ன செய்வது?

நாலியில் ஊற்றினால் எங்கே போகிறது என்று ஒரு நாள் மேப்பை எடுத்து வைத்துப் பார்த்தேன். எங்கள் ஊர்ச் சாக்கடை நாக் நதிக்கு. அது கன்ஹான் ஆற்றுக்கு. அது வைன்கங்காவுக்கு. அங்கே கோசிகுர்த் அணை. அதற்கப்புறம் பிராணஹிதா, கடைசியில் கோதாவரி. ஒரு லிட்டர்தானே என்கிறீர்களா? ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு மைக்ரான் கனத்துக்குத் தண்ணீர் மேல் பரவினால் 1,000 சதுர மீட்டரை மூடும். நம்ம ஊர்க் கணக்கில் கிட்டத்தட்ட நாலரைக் கிரவுண்டு!

இந்தியாவில் பதிவான இரு சக்கர வண்டிகள் 20 கோடிக்கு மேல். நூத்துக்கு ஒருத்தர் வீட்டில் மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு ரெண்டு தடவை, தடவைக்கு ஒரு லிட்டர். 40 லட்சம் லிட்டர் ஆகிறது. 12,000 லிட்டர் தண்ணி லாரி கணக்கில் 333 லாரி. வரிசையாக வந்து நாலியில் கவிழ்க்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, மீனவர் படகும் வலையும் கறுத்துப் போன படங்களை நாம் எல்லோரும் பகிர்ந்தோம். திட்டினோம். நியாயமான கோபம். அதே கையால் ஞாயித்துக்கிழமை நாலியில் ஊற்றினால் அந்தக் கோபத்துக்கு என்ன மரியாதை?

"சென்ட்ரிங் பலகைக்குத் தடவுறாங்களே, கரையானுக்கு ஊத்துறாங்களே, கொசுவுக்குக் குட்டையில போடுறாங்களே" என்று ஒரு அண்ணாச்சி அடுக்கினார். செய்கிறார்கள்தான். காலங்காலமாகச் செய்வதால் ஆயில் நல்லதாக மாறிவிடாது. மண்ணில் ஊற்றினது மண்ணிலேயே கிடக்கும், மழைக்குக் கீழே இறங்கும். உங்கள் காம்பவுண்டில் போர்வெல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய ஆயிலுக்கு விலை இருக்கிறது மக்களே. அதைச் சுத்திகரித்து மறுபடி பேஸ் ஆயில் எடுக்கலாம். 2016-ம் வருஷத்து அபாயகரக் கழிவு விதிகளில் பழைய ஆயிலும் வருகிறது. 2023-ல் அந்த விதிகளைத் திருத்தி, ஆயில் தயாரிக்கிற, இறக்குமதி செய்கிற கம்பெனிகள் பழைய ஆயிலின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். சட்டம் கம்பெனியைப் பிடிக்கட்டும். ஆனால் நாலிக்குப் போன ஆயிலை எந்தக் கம்பெனியும் திரும்ப எடுக்க முடியாது.

நான் செய்வது இதுதான். ட்ரேயிலிருந்து காலி ஆயில் கேனுக்கு மாற்றி, இறுக மூடி, மேலே "பழைய ஆயில்" என்று பெரிதாக எழுதி வைத்துவிடுவேன். அதில் மண்ணெண்ணெய், பெட்ரோல், பிரேக் ஆயில், தண்ணீர் எதையும் கலப்பதில்லை. கலந்தால் சுத்திகரிக்கிறவருக்குத் தலைவலி. நாலைந்து லிட்டர் சேர்ந்ததும் நான் ஆயில் வாங்குகிற சர்வீஸ் கடையின் டிரம்மில் ஊற்றிவிட்டு வருவேன். டிரம் நிறைந்ததும் யார் எடுத்துப் போகிறார்கள் என்று முதலிலேயே கேட்டுவைத்துக்கொண்டேன். நீங்களும் கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிற கடைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். காலி கேனை பழைய சாமான்காரரிடம் முழுசாகப் போடாதீர்கள், ஓட்டை போட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் அதே கேனில் டூப்ளிகேட் ஆயில் அடைத்து உங்கள் வண்டிக்கே வந்து சேரும்.

கடைசியாகக் காசுக் கணக்கு. வங்கிக்காரன் இதைச் சொல்லாமல் போனால் பி.காம். படித்ததற்கு அவமானம். என் ட்ரே 650 ரூபாய். மெக்கானிக் கூலி ஒரு தடவைக்கு 150. அஞ்சாவது தடவையில் ட்ரே காசு வந்துவிட்டது. பேசினில் பிடித்து நாலியில் ஊற்றுகிறவர் முதல் தடவையே 150 மிச்சம் என்கிறார். அது மிச்சம் இல்லை ஐயா. அந்தச் செலவு சஸ்பென்ஸ் கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. என் விஷயத்தில் அதை நேர் செய்தது மாசம் சில ஆயிரம் சம்பளம் வாங்குகிற ஒரு வாட்ச்மேன். ரெண்டு நாள் உழைப்பு, ஒரு பாக்கெட் சோப்புத் தூள். என் 150 ரூபாயை அவர் கட்டினார்.

கோவில்பட்டித் தம்பியை அன்றைக்கே வரச் சொல்லிவிட்டேன். என் ட்ரேயைத்தான் கொடுத்தேன். வேலை முடிந்து மூடி போட்ட கேனைக் கையில் கொடுத்ததும் "இதை எங்கண்ணே வைக்கிறது?" என்று முழித்தார். "உன் ரூம்ல, உன் கண்ணுல படுற இடத்துல வை" என்றேன். ஒரு அபார்ட்மெண்டுக்கு ஒரு ட்ரே தாராளம். நாலு பேர் சேர்ந்து வாங்கினால் தலைக்கு ரெண்டு சினிமா டிக்கெட் காசு கூட ஆகாது.

கேனையன் என்று சொன்ன பெரியவருக்கும் சொல்லிக்கொள்கிறேன். என் ட்ரே பார்க்கிங்கில்தான் இருக்கிறது. வேண்டும்போது எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பி வைக்கும்போது துடைத்து வையுங்கள்.

டிஸ்கி: மாவுப் பேசின் விவகாரம் தங்கமணிக்கு இந்தப் பதிவு வழியாகத்தான் தெரியப்போகிறது. புதுப் பேசின் ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டேன். பழசு இப்போது பார்க்கிங்கில், வண்டி கழுவ. ரெண்டு வருஷம் அதில் கரைத்த மாவில் தோசை சாப்பிட்டோம் என்பதை மட்டும் யாரும் அவரிடம் எடுத்துச் சொல்லாதீர்கள்.